பழைய ரயில் நிலையத்தில் தங்கி மலைப்பாதையில் நடக்க: கன்ஃபிராங்க் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

போன வருடம் ஜூன் கடைசியில் அம்மாவும் நானும் ஸ்பெயின் நாட்டு எல்லையில் இருக்கும் கன்ஃபிராங்க் என்ற மலையூரில் நான்கு இரவுகள் தங்கினோம். அதில் ஓர் இரவு, விடுதியாக மாற்றப்பட்ட பழைய ரயில் நிலையத்துக்குள்ளேயே. திரும்பி வந்ததிலிருந்து புதுச்சேரியிலும் கடலூரிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அது அப்படி என்ன ரயில் நிலையம்?

பிரான்ஸையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 1,195 மீட்டர் உயரத்தில், குறுகலான ஒரு பள்ளத்தாக்கில் நிற்கிறது. கட்டடத்தின் நீளம் மட்டும் 241 மீட்டர். 365 சன்னல்கள். ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோவும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் காஸ்தோன் தூமெர்க்கும் சேர்ந்து 1928 ஜூலை 18 அன்று திறந்துவைத்தார்கள். சில நூறு பேர் வாழும் ஊரில் இவ்வளவு பெரிய நிலையம் எதற்கு என்றுதான் முதலில் தோன்றும்.

காரணம் தண்டவாளத்தின் அகலம். பிரெஞ்சுப் பாதை 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயின் பாதை அதைவிட அகலம். அந்த ஊர் வண்டி இந்த ஊர்ப் பாதையில் ஓடாது. ஆகவே பயணிகள் எல்லோரும் இங்கே இறங்கி, இரண்டு நாட்டுச் சுங்கத்தையும் கடந்து, கட்டடத்தின் மறுபக்கம் நிற்கும் வண்டியில் ஏற வேண்டும். சரக்கையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். மீட்டர் கேஜில் வந்து இறங்கி, மூட்டை முடிச்சோடு பிராட் கேஜ் வண்டி பிடிக்க ஓடிய நாட்கள் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே கதைதான். இன்னொரு செய்தி: ஸ்பெயினின் அகலப்பாதை 1,668 மில்லிமீட்டர், நம் பிராட் கேஜ் 1,676. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!

ஏன் மூடினார்கள்? எப்படி விடுதி ஆயிற்று?

1970 மார்ச் 27 அன்று பிரெஞ்சுப் பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் கட்டுப்பாட்டை இழந்து பின்னோக்கி உருண்டதில் ஒரு பாலம் இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பிரான்ஸ் அந்தப் பாலத்தைத் திரும்பக் கட்டவில்லை. எல்லை தாண்டும் ரயில் அன்றோடு நின்றது. ஸ்பெயின் பக்கத்திலிருந்து வரும் சிறிய ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கட்டடம் பல பத்தாண்டுகள் கூரை ஒழுகி, கண்ணாடி உடைந்து பாழடைந்து கிடந்தது. பிறகு ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு அதைக் கையில் எடுத்தது. 2021-ல் பக்கத்திலேயே புதிதாகச் சின்ன நிலையம் ஒன்றைக் கட்டி ரயிலை அங்கே மாற்றினார்கள். 2023 ஜனவரியில் பழைய கட்டடம் 104 அறைகள் கொண்ட விடுதியாகத் திறந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நம் சுப்பையா சாலை ரயில் நிலையத்துக்கு வரும் பாதை 1879-ல் வந்தது. 1954 வரைக்கும் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் வந்தவர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குள் எல்லை தாண்டித்தான் வந்தார். நாமும் ஓர் எல்லை ரயிலின் பிள்ளைகள். அம்மாவின் அப்பா நீராவி எஞ்சின் காலத்தில் விழுப்புரம் ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாக இருந்தவர். கன்ஃபிராங்கின் பெரிய கூடத்தில், மரத்தால் ஆன பழைய டிக்கெட் கவுன்ட்டர்களுக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். நான் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்படிப் போவது?

நம் ஊரில் பலருக்குச் சொந்தக்காரர்கள் பிரான்ஸில் இருப்பார்கள். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்களில் எத்தனையோ பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது லூர்து போய்வர ஆசைப்படுவார்கள். அந்த லூர்திலிருந்து அடுத்த பெரிய ஊர் ‘போ’. ரயிலில் அரை மணி நேரம். போவிலிருந்து ஒலொரோன் வழியாகப் பெதூ வரை மலை ரயில் போகிறது. மூடிக்கிடந்த ஒலொரோன்–பெதூ பாதையை 2016-ல் மறுபடி திறந்தார்கள். பெதூவில் இறங்கினால் சோம்போர் கணவாய்க்கு அடியில் 8.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை வழியாக பஸ் உங்களைக் கன்ஃபிராங்கில் விடும். ஸ்பெயின் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு சரகோசாவிலிருந்து ரயில் உண்டு. ஏறக்குறைய நான்கு மணி நேரம், நாளுக்கு ஓரிரு வண்டிகள்தான். பாதை வேலை நடக்கும் மாதங்களில் நடுவில் கொஞ்ச தூரம் பஸ்ஸில் கொண்டுபோவார்கள்.

காரில் போகாதீர்கள் என்று கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். வாடகைக் கார் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ரயில் நிலையத்துக்கு ரயிலில் வந்து இறங்கி, அங்கிருந்து கால்நடையாக வெளியேறினால்தான் அந்த இடம் ஏன் அங்கே இருக்கிறது என்பது உடம்புக்குப் புரியும்.

நாங்கள் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். பெதூவில் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் வைத்திருந்தது வார நாள் அட்டவணை. அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கடைகளும் மூடியிருந்தன. போவில் இருக்கும் அக்கா கட்டிக்கொடுத்த தயிர்சாதம் இருந்ததால் தப்பித்தோம்.

விசா?

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை. இந்திய பாஸ்போர்ட் என்றால், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் போவில் அக்கா வீட்டில் பத்து நாள் இருந்ததால் பிரான்ஸிடம் கேட்டோம். அந்த விசாவே ஸ்பெயினுக்கும் செல்லும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். மலையில் நடப்பதும் மலை மீட்புச் செலவும் அந்தக் காப்பீட்டில் அடங்குமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நிலைய விடுதியிலேயே தங்க வேண்டுமா? செலவு?

அது ஐந்து நட்சத்திர விடுதி, விலையும் அப்படியே. வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்தால் கொஞ்சம் இறங்கும். எங்கள் கணக்கு இது: ஓர் இரவு நிலையத்தில், மூன்று இரவு ஊருக்குள் ஒரு சாதாரண தங்குமிடத்தில். யாத்திரிகர்களுக்கும் நடைப்பயணிகளுக்கும் மலிவான படுக்கைகள் அந்த ஊரில் கிடைக்கும். நிலையத்தின் பெரிய கூடத்தைப் பார்க்க அங்கே தங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஊர் சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். காசு குறைவாக இருந்தால் அதுவே போதும், குறை ஒன்றும் இல்லை.

தங்கினால் என்ன கிடைக்கும்? நீளமான நடைகூடம். உயரமான சன்னல், திறந்தால் நேரே மலை. பழைய ரயில் பெட்டி ஒன்றுக்குள் உணவகம். மறுசீரமைப்பு நன்றாக இருக்கிறது, கல்லையும் இரும்பையும் மதித்துச் செய்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் அம்மாவுக்குக் குறையாக இருந்தது. இரவு விளக்கணைத்த பிறகு, “என்னடி, ஸ்டேஷன்ல படுத்திருக்கோம், ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லையே” என்றாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை.

எந்தப் பாதைகளில் நடந்தீர்கள்?

முதல் நாள், நிலையத்துக்கு எதிரே உள்ள சரிவில் ‘மெலன்கோலிகோஸ் நடை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மனவாட்டம் கொண்டவர்கள் உலாவும் பாதை என்று பொருள். பெயர்தான் அப்படி. மர நிழலில் மெதுவாகப் போகும் இந்தப் பாதையிலிருந்து நிலையத்தின் முழு நீளமும் கண்ணில் படும்.

இரண்டாம் நாள்தான் பெரிய நாள். காலை பஸ்ஸில் சோம்போர் கணவாய் உச்சிக்குப் போய் (1,632 மீட்டர்) அங்கிருந்து கன்ஃபிராங்குக்கு நடந்தே இறங்கினோம். ஏறக்குறைய 8 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். இது ஸ்பெயினின் சந்தியாகோ நகரத்துக்குக் கிறிஸ்தவர்கள் போகும் யாத்திரைப் பாதையின் அரகோன் கிளை, ஆயிரம் ஆண்டுகளாகக் கால்கள் பட்ட வழி. மஞ்சள் அம்புக்குறியும் சிப்பிச் சின்னமும் வழி காட்டும். உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கியதும் புல்வெளியில் கற்சுவர்களின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. சாந்தா கிறிஸ்தினா என்ற யாத்திரிகர் சத்திரம் அது. 12-ஆம் நூற்றாண்டு யாத்திரை நூல் ஒன்று ஜெருசலேமிலும், ரோமுக்குப் போகும் வழியில் ஆல்ப்ஸ் மலைக் கணவாயிலும் இருந்த சத்திரங்களோடு சேர்த்து, உலகின் மூன்று பெரிய சத்திரங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது. பனியில் வருகிறவனுக்குச் சோறும் நெருப்பும் கொடுத்த இடம். காசி, ராமேசுவரம் போகிறவர்களுக்கு வழிநெடுக அன்னசத்திரம் கட்டிவைத்த ஊர்களிலிருந்து வருகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் அம்மா ஊரிலேயே இருந்துகொண்டாள். நான் மட்டும் கனால் ரோயா பள்ளத்தாக்குக்குப் போனேன். கன்ஃபிராங்குக்கு மேலே சாலையோரத்தில் தொடங்குகிறது. ஓடை, புல்வெளி, மேயும் மாடுகள். பாறைகளுக்கு நடுவே மார்மாட் என்ற கொழுத்த மலை அணில்கள் ஆள் வருவதைப் பார்த்து விசில் அடிக்கும். இந்தப் பள்ளத்தாக்கின் மேலாக இரண்டு பனிச்சறுக்கு மையங்களை இணைக்கக் கம்பிவண்டி போட ஒரு திட்டம் இருந்தது. உள்ளூர் மக்களும் மலையேறுபவர்களும் எதிர்த்ததால் 2023-ல் கைவிட்டார்கள். நல்ல வேளை. பள்ளத்தாக்கின் தலைப்பகுதி வரை போக ஆசைதான். மதியம் ஒரு மணிக்கு மேகம் கறுத்தது, இடி கேட்டது, பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன். திரும்பியது சரியான முடிவு.

கடைசி நாள் காலையில் ‘காசிட்டா பிளாங்கா’ என்ற வெள்ளை வீட்டுக்கு ஏறும் காட்டுப் பாதை. இது எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பனிச்சரிவும் வெள்ளமும் அடிக்கடி வரும். நிலையத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சரிவுகளில் மரம் நட்டார்கள், கற்சுவர்களும் தடுப்பணைகளும் கட்டினார்கள். நிலையம் நிற்கும் சமதளமே சுரங்கம் தோண்டிய மண்ணையும் கல்லையும் கொட்டி எழுப்பியது. அன்று வனத்துறை ஆட்கள் ஏறி இறங்கிய தடங்கள்தான் இன்று நடைபாதைகள். அந்தக் காடு முழுவதும் ஒரு ரயில் நிலையத்துக்காக வளர்த்த காடு! தானே புயலுக்கு அப்புறம் கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் விழுந்து வெறிச்சோடியதைப் பார்த்தவர்களுக்கு, மரம் என்ன காக்கும் என்பது தெரியும்.

முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகலாமா?

அம்மாவுக்கு 66 வயது, முட்டிவலி உண்டு. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டிக்குச் சோதனை. சோம்போர் இறக்கத்தில் இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து, ஐந்து மணி நேரத்தில் முடித்தாள். அவ்வளவு வேண்டாம் என்றால் நிலையத்திலிருந்து ஆற்றோரமாகக் கீழே உள்ள பழைய கன்ஃபிராங்க் கிராமம் வரை நடக்கலாம். நான்கைந்து கிலோமீட்டர். 1944-ல் தீயில் அழிந்த கிராமம் அது. அங்கிருந்தவர்களில் பலர் நிலையத்தைச் சுற்றிக் குடியேறினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடலாம், நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமவெளிக்காரர்கள் நாம். உடம்பை எப்படிப் பழக்குவது?

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். அதை இரவில் சுற்றி, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! தூரம் நமக்குப் பிரச்சினை இல்லை, ஏற்ற இறக்கம்தான் புதிது. அதற்கு செஞ்சி ராஜகிரிக் கோட்டையைவிட நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் கிடையாது. ஏறக்குறைய 800 அடி ஏற்றம், கற்படிகள். சோம்போர் இறக்கம் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று மாதத்தில் ஆறு முறை செஞ்சி போனோம். விடிந்ததும் போங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். அங்கே போடப்போகும் அதே ஷூவை இங்கேயே போட்டுப் பழக்குங்கள். புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள்.

எந்த மாதம் நல்லது? என்ன எடுத்துப்போவது?

ஜூன் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. அதற்கு முன்னால் உயரமான பாதைகளில் பனி கிடக்கும். குளிர்காலம் பனிச்சறுக்குக்காரர்களுடையது. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை வரலாம், ஆகவே காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். அக்டோபரில் பீச் (beech) மரக்காட்டில் இலைகள் பழுத்துச் சிவக்கும். மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி. கோடையிலும் இரவு குளிரும். ஆடுமாடு காக்கும் பெரிய நாய்கள் வழியில் நின்றால் மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள், நடுவே நுழையாதீர்கள். அவசர எண் 112.

யாத்திரைப் பாதைக்கு மஞ்சள் அம்பு என்றேன். நீண்ட மலைப்பாதைகளுக்கு வெள்ளை–சிவப்புக் கோடு, சிறிய பாதைகளுக்கு வெள்ளை–மஞ்சள் கோடு. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது.

சைவச் சாப்பாடு? மொழி?

ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆம்லெட், பழம். முட்டை சாப்பிட்டால் சிரமமில்லை, சாப்பிடாதவர்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோங்கள். எல்லை ஊர் என்பதால் பிரெஞ்சு தெரிந்த வீட்டார் நன்றாகவே சமாளிக்கலாம்.

பழைய தண்டவாளத்தின் மேலேயே நடக்கலாமா? படத்தில் அழகாக இருக்கிறதே?

வேண்டாம். அங்கே கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் போக அனுமதி இல்லை. இங்கேயும் சக்லேஷ்பூர் மலைப்பாதை போன்ற இடங்களில் தண்டவாளத்தில் நடந்து படம் எடுக்கப் போகிறார்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி அது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், வளைவில் வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. ஃபயர்மேன் பேத்தி சொல்கிறேன், கேளுங்கள்.

வெளிநாடு எல்லாம் முடியாது. நம் நாட்டில் இப்படி?

கால்கா–சிம்லா மலைப்பாதையில் பரோக் நிலையம் இருக்கிறது. 1903-ல் திறந்த பாதை, இன்னும் ரயில் ஓடுகிறது. 1,143 மீட்டர் நீளச் சுரங்கத்தின் வாயிலில் நிற்கும் அந்த நிலையத்திலேயே தங்கும் அறைகள் உண்டு. சுற்றிலும் பைன் காடு. என் அடுத்த ஆசை அதுதான்.

பொதுவாக நம் ரயில் நிலையங்களில் ரிட்டையரிங் ரூம் என்ற வசதியைப் பலர் மறந்தே விட்டார்கள். அறை உள்ள நிலையங்களில் ஐஆர்சிடிசி வழியாகப் பதிவு செய்யலாம். கன்ஃபார்ம் ஆன அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் வேண்டும், ஏறும் ஊர் அல்லது இறங்கும் ஊரில்தான் கிடைக்கும். ஆடம்பரம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அம்மா கேட்ட வண்டிச் சத்தம் நிச்சயம் உண்டு.

பக்கத்திலேயே நடக்க வேண்டுமென்றால், புதுச்சேரியிலிருந்து பாசஞ்சரில் ஏறி வில்லியனூரில் இறங்குங்கள். திருக்காமீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஊசுட்டேரி வரை கிராமத்து வழியாக நடக்கலாம். மழைக்காலம் முடிந்த மாதங்களில் ஏரி நிறையப் பறவை. கடலூர்க்காரர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் நிலையம். இறங்கி சில நிமிடத்தில் பாடலீசுவரர் கோயில், பிறகு கெடிலத்தைத் தொட்டுக்கொண்டு தேவனாம்பட்டினம் வரை நடந்தால் 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்த செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். மலை இல்லைதான். ஆனால் ரயிலில் வந்து காலால் ஊரைப் பார்ப்பதற்கு மலை கட்டாயம் இல்லை. சிதம்பரம், விருத்தாசலம் நிலையங்களைப் புதுப்பித்து 2025 மே மாதம் திறந்தார்கள். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம் மாதிரிச் சின்ன நிலையங்களிலும் நடந்து வருகிறவர்களுக்கு இரண்டு அறையும் ஒரு குளியலறையும் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

கன்ஃபிராங்குக்குப் பிரான்ஸிலிருந்து மறுபடி ரயில் ஓடுமா?

இரண்டு நாட்டிலும் அதற்காகப் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள், பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் சுரங்கம் அப்படியே இருக்கிறது. சாலைச் சுரங்கத்தில் விபத்து நேர்ந்தால் தப்பி வரும் வழியாக இப்போது பயன்படுகிறது, அதையொட்டி மலைக்கு அடியில் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடமும் இயங்குகிறது. பெதூவுக்கு அப்பால் பிரெஞ்சுப் பக்கத்தில் மீதிப் பாதையைச் சீரமைத்தால் போவில் ஏறி நேராகக் கன்ஃபிராங்கில் இறங்கலாம். அதுவரை பெதூவிலிருந்து பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.